சமன் அல்ல

திருநெல்வேலி, புதன், காலை எட்டரை.
ஆய்வுகூடத்தில் முப்பத்தெட்டுக் கணினிகள்,
ஆறு எழும்பாது.
மிச்சத்துக்கு முன்னால் நாற்பத்தேழு பேர்,
செருப்பை வாசலில் விட்டுவிட்டு
ஏசிக் குளிரில் கால்விரல்களை மடக்கிக்கொண்டு.

போன கிழமை அரைப்புள்ளி படிப்பித்தேன்.
வரி முடிவில் அரைப்புள்ளியை விட்டால்
சோதினையில் அரைப் புள்ளி போகும் என்றேன்.
சிரித்தார்கள்.
இது நல்ல வருடம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று பலகையில் எழுதினேன்:

x = x + 1;

"மிஸ், இது பிழை."

யதுகுலன். நெல்லியடிப் பெடியன், இணைந்த கணிதத்தில் ஏ.
எழும்பி வந்தான், கேளாமலே மார்க்கரை எடுத்தான்,
இரண்டு பக்கமும் x ஐ வெட்டினான்.

0 = 1

அதன் கீழே இரட்டைக் கோடு,
ரியூட்டரியில் விடை வந்ததும் இழுக்கிற அதே கோடு.

வகுப்பு என்னைப் பார்த்தது.
ஆறாம் வகுப்பிலிருந்து அவர்களுக்குச் சமன் என்றால்
தராசு. ஆடாத முள்.
மாறி என்று பெயர்தான், பள்ளிக்கூடத்தில் அது மாறாது,
ஒரு கணக்கு முடியும்வரை
ஒரே பெறுமானத்தோடு பொறுமையாய் இருக்கும்.
அந்த முள்ளில் நான் கை வைத்துவிட்டேன்.

x ஒரு பெட்டி என்றேன்.
"பெட்டி தன்னைவிட ஒண்டு கூடுமோ, மிஸ்?"
x ஒரு போத்தல் என்றேன்.
கடைசி வரிசையில் மாத்தறைத் தினித்திக்குச்
சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்; தலையாட்டினாள்.
மிச்சத்தை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.
எனக்கும் அது முழுதாய் வராத மொழி.
கணினி ஏசுவதும் அதில்தான்.

"வலப்பக்கத்திலிருந்து வாசியுங்கோ," என்றேன் கடைசியாய்.
"அது எங்களுக்கு ஓதப் போன நாளிலயே பழக்கம் மிஸ்,"
என்றாள் ஃபஸ்ரினா. பிறகு அவனிடம் திரும்பி:
"பருத்தித்துறை பஸ்ஸில கொண்டக்டர் ஆள் எண்ணுறார்.
இருந்த கணக்கோட ஒண்டைக் கூட்டி
இனி இதுதான் கணக்கு எண்டுறார்.
அவரிட்டப் போய் இரண்டு பக்கமும் வெட்டுவியா?"

இப்போது வகுப்பு சிரித்தது.
அவன் சிரிக்கவில்லை.
மார்க்கரின் மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான்.
"அப்ப பழைய x எங்க போகுது?"

எங்கேயும் போகாது.
அதே இடத்தில் புதியது எழுதப்படும்.
இருந்ததற்கு அடையாளம் இராது.
பழசு வேணுமெண்டால்
மாற்ற முதலே வேறொரு பெயரில் எடுத்து வைக்கோணும்.
பிறகு கேட்டால் கிடைக்காது.

எட்டு வருடமாய், வருடத்துக்கு ஒருமுறை
சொல்லி வருகிற வசனங்கள்.
அன்றைக்கு மட்டும் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

பத்தாம் கிழமை ஒப்படைகள் வந்தன.
நாற்பத்தேழில் பதினொன்று ஒரே நிரல்,
ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை,
பெயர்கள் மட்டும் வேறு.
அவனுடையது அவனுடையதுதான்.
எதைக் கூட்டினாலும், எதைக் குறைத்தாலும்
அதற்கு முந்தின வரியில் ஒரு பிரதி:
palaya1, palaya2, palaya3,
அப்படியே இருபத்தாறு மட்டும்.
ஒன்றையும் பிறகு எங்கேயும் பாவிக்கவில்லை.
வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.
நிரல் ஓடுகிறது. விடை சரி.

புள்ளித்திட்டத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது:
தேவையில்லாத மாறிகள், இரண்டு புள்ளி கழிக்க.

தேத்தண்ணி ஆறிப்போனது.
ஒன்று கழித்தேன்.

புள்ளி = புள்ளி − 1;

முந்தின புள்ளியை
எங்கும் எழுதி வைக்கவில்லை.